விருந்தினர் மேசையில் எங்கள் சகோதரர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் சகோதரர்கள் இதைப் படித்துவிட்டு, முக்கியமானதை விட்டுவிட்டாரே என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

கொல்லிமலையில் பன்னிரண்டு துறவிகள் வாழும் ஒரு சின்ன மடத்துக்கு நான் மடாதிபதி. ஆசீர்வாதப்பர் சபை, அதாவது பெனடிக்டின் சபை. ஒருமுறை நாமக்கல்லில் ஒரு வங்கிக்குக் கையெழுத்துப் போடப் போயிருந்தேன். அங்கே இருந்த அதிகாரி, "மடாதிபதின்னா எந்த ஆதீனமுங்க?" என்று கேட்டுவிட்டு என் வெள்ளை அங்கியையும் சேறு அப்பிய செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மனதில் பல்லக்கு ஓடியிருக்க வேண்டும். எங்களிடம் இருப்பது ஒரு பழைய ஜீப். எழுபது கொண்டை ஊசி வளைவில் பாதி ஏறுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கும்.

விடியுமுன் மணி அடித்ததும் கோயிலில் போய் நிற்பது, நாளுக்கு ஏழு வேளை ஜெபத்தை நடத்துவது, இவை சுலபம். இவற்றுக்கு நடுவில் வருவதுதான் மடாதிபதியின் வேலை. குரங்கு ஓட்டைப் பிரித்துப் போட்டிருக்கும். பலா வெட்ட வருகிறேன் என்றவர் வந்திருக்க மாட்டார். ஒரு சகோதரர் இன்னொருவரோடு மூன்று நாளாகப் பேசாமல் இருப்பார். ஒருவருக்கு உப்பு ஆகாது, ஒருவருக்கு உப்பில்லாமல் தொண்டையில் இறங்காது. ஒவ்வொருவரையும் அவரவர் போக்குக்கு ஏற்றபடி நடத்த வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. அதட்டினால் திருந்துகிறவரை அதட்ட வேண்டும், அதட்டினால் உடைந்துபோகிறவரைத் தட்டிக்கொடுக்க வேண்டும். எனக்கு முதலாவது நன்றாக வரும்.

மடாதிபதி என்றால் எங்கள் சபையில் அப்பா என்று பொருள். சகோதரர்கள் துண்டுச் சீட்டில் பெயர் எழுதிப் போட்டுத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டுப் போட்டு அப்பாவைத் தேர்ந்தெடுக்கிற குடும்பம் எனக்குத் தெரிந்து எங்களுடையது மட்டும்தான். சுற்றுவட்டத்தில் எல்லோருக்கும் நான் பெரிய சாமி. மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அரியூர் நாட்டிலும் பெரக்கரை நாட்டிலும் உள்ள விவசாயிகள் பெரும்பாலும் எங்கள் மதம் இல்லை. ஆனாலும் மிளகுக்கொடி வாடினால் எங்களிடம் வந்து கேட்பார்கள், எங்கள் மரவள்ளியில் பூச்சி விழுந்தால் நாங்கள் போய் அவர்களிடம் கேட்போம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மற்ற சபைகளில் துறவிகளுக்கு மாற்றல் உண்டு. இன்று திருச்சி, நாளை சென்னை என்று போவார்கள். எங்களுக்கு அது கிடையாது. எந்த வீட்டில் வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி, கொடுத்தோமோ அந்த வீட்டிலேயே இருந்து, அந்த வீட்டிலேயே சாக வேண்டும். மிளகுத் தோட்டத்துக்குப் பின்னால் கல்லறைக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். அதனால் எங்களில் ஒருவர் மடத்தை விட்டுப் போய்விட்டால் அது வேலையை விட்டுப் போவது போல் இல்லை. வீட்டை விட்டு ஓடிப்போவது போலத்தான்.

அப்படிப் போனவர் திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒழுங்கில் வழி இருக்கிறது. சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் எல்லோருக்கும் கடைசி இடத்தில் நிறுத்த வேண்டும். மறுபடி போய்விட்டு வந்தாலும் சேர்க்கலாம், மூன்றாவது முறையும் சேர்க்கலாம். அதற்கு மேல் கதவு கிடையாது. இந்தக் காலத்தில் பல மடங்களில் இதை இவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன்.

தண்ணி சாமி எங்களிடம் வந்தபோது அவருக்கு முப்பது வயது இருக்கும். மலையடிவாரத்து ஊர்க்காரர். கொத்தனார் வேலை பார்த்தவர். மேலே சோலைக்குள் இருக்கிற ஊற்றிலிருந்து மடத்துத் தொட்டிக்கு ஓஸ் குழாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. அந்த ஓஸைப் பன்றி கடிக்கும், வேர் நெரிக்கும், மழையில் மண் சரிந்து மூடும். வந்த முதல் வாரமே அவர் அந்த லைனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ரப்பர் துண்டும் கம்பியும் இடுப்பில் செருகிக்கொண்டு தினமும் ஒரு நடை மேலே போய் வருவார். வழியில் குடிசைக்காரர்களின் குழாயையும் சரிசெய்து கொடுப்பார். அதனால் ஊரார் அவரைத் தண்ணி சாமி என்றார்கள். அவருக்கு இன்னொரு தண்ணியின் பழக்கமும் உண்டு என்று தெரிந்த பிறகு, அந்தப் பெயரைச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

முதல் முறை அவர் போனது அந்தப் பழக்கத்தால்தான். கீழே சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனவர் குடித்துவிட்டார். அந்த முகத்தோடு மேலே வர வெட்கப்பட்டு, ஆறு மாதம் ஏதோ ஊரில் கட்டட வேலை பார்த்தார். பிறகு ஒரு நாள் மடத்துக் கேட்டில் வந்து நின்றார். நான் கத்தித் தீர்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டேன். சாப்பாட்டு வரிசையிலும் கோயில் வரிசையிலும் கடைசியில் நின்றார். மறுநாள் காலையே ரப்பர் துண்டை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போய்விட்டார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது முறை, ஒரு மாசி மாதம். எங்கள் மிளகை லாரியில் ஏற்றிய நாள். அன்று மாலை ஜெபத்தில் அவர் இல்லை. மறுநாளும் இல்லை. எங்கள் வீட்டில் வெளியே போகிறவர் என்னிடம் வந்து தலை குனிய வேண்டும், நான் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும். அதுதான் அனுமதி. காகிதம் ஒன்றும் கிடையாது. எனக்கு அடுத்த பொறுப்பில் உள்ள துணைத்தலைவர், "உங்ககிட்டச் சொல்லிட்டுப் போனாரா ஃபாதர்?" என்று கேட்டார். "எவன் சொன்னான்? ஓடிட்டான்" என்றேன். சபைக் கூட்டத்தில் அதையே குறிப்பேட்டிலும் எழுதச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தார். இளைத்திருந்தார். என் அறைக்கு வந்து, "சாமி…" என்று ஆரம்பித்தார். நான் கையை நீட்டி நிறுத்தினேன். "வாயைத் திறக்காதே. முழங்கால் போடு" என்றேன்.

இங்கே எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மடாதிபதி கண்டித்தால், அது தப்பான கண்டிப்பாகவே இருந்தாலும், துறவி தன் பக்க நியாயத்தைப் பேசக் கூடாது. முழங்காலிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு, எழுந்திரு என்று சொல்லும்வரை இருக்க வேண்டும். தன்னை நியாயப்படுத்திக்கொள்ளும் ஆசை கரைய வேண்டும் என்பதற்காக வந்த பழக்கம் இது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். பெருமையாகவே சொல்லிக்கொடுப்பேன்.

அவர் முழங்காலிட்டார். நான் திட்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டார். அங்கியைக் கழற்றி வாங்கி, நாற்பது நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி கடைசி இடம். அந்த இரண்டு மாதத்தில் அவருடைய அம்மா இறந்துபோனார் என்பது வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. அதற்கும் அவரைத்தான் கூப்பிட்டுக் கண்டித்தேன். "அம்மாவுக்கு முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? என்னை அவ்வளவு கல்மனசுக்காரன்னு நெனச்சியா?"

அவர் தலையைத் தூக்கி ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டார். "தப்புத்தானுங்க சாமி" என்றார்.

மூன்றாவது முறை அடுத்த வருடம். மிக்சருக்காக இரண்டு குழந்தைகள் சண்டை போடுவது போல, தொட்டி கழுவுவது யார் என்று இன்னொரு சகோதரரோடு சண்டை. அன்றே கீழே போய்க் குடித்தார், அப்படியே பல மாதம் வரவில்லை. திரும்பி வந்தபோது நான் அவரை எல்லோர் முன்பும் நிறுத்தி, "இது மூணாவது. நாலாவதுன்னு ஒண்ணு இல்லை. புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுதுங்க" என்றார்.

நாலாவது வந்தது. ஒரு நாள் தொட்டிக்குப் பக்கத்தில் குடித்துவிட்டு விழுந்துகிடந்தார். எழுந்ததும், நாங்கள் யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சில மாதம் கழித்து, ஐப்பசி முடியும் சமயம், நல்ல மழையில், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கேட்டில் வந்து நின்றார். முழங்கால் வரை சேறு. "குடியை விட்டுட்டேனுங்க சாமி. நாப்பது நாளாச்சு. கடைசி எடத்துல நின்னுக்கறேனுங்க" என்றார்.

நான் அவரைக் கேட்டோரத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு எல்லோரையும் கூட்டினேன். பெரிய விஷயம் என்றால் எல்லோரையும் கேட்க வேண்டும். ஆனால் முடிவு மடாதிபதியுடையது, ஓட்டெடுப்புக் கிடையாது. பாதிப் பேர் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எங்களில் வயதில் இளையவர், "அவர் இல்லாம தண்ணி வர மாட்டேங்குது ஃபாதர்" என்றார். சிலர் சிரித்தார்கள். துணைத்தலைவர் குறிப்பேட்டைத் திறந்து மூன்று இடங்களைக் காட்டினார். எல்லாம் என் வாயால் சொல்லி எழுதியவை.

எனக்கு அவரை வைத்துக்கொள்ள ஆசை. இதை யாரும் நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மூன்று என்று நானே எல்லோர் முன்பும் சொன்னேனே. அதை விட்டுக்கொடுத்தால் நாளை என் பேச்சை யார் கேட்பார்கள்? இப்படித்தான் யோசித்தேன். இந்த யோசனையில் அவர் எங்கே இருந்தார் என்று இப்போது தேடிப் பார்க்கிறேன், எங்கேயும் இல்லை.

கேட்டுக்குப் போய், சேர்த்துக்கொள்ள முடியாது என்று சொன்னேன். அவர் கெஞ்சவில்லை. கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "சரிங்க சாமி" என்றார். கிளம்பப் போனவரைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். வாசலுக்கு வந்த யாரையும் சாப்பாடு இல்லாமல் அனுப்பக் கூடாது என்பதும் எங்கள் ஒழுங்கு.

சாப்பிட வருகிற விருந்தாளிக்கு மடாதிபதியே கையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், மடாதிபதியே உடன் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உணவறையில் விருந்தினர் மேசை தனியாக, சன்னலோரம் இருக்கிறது. நான் செம்பைச் சாய்த்தேன். அவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். விரலிடுக்கில் ஓஸ் ரப்பரின் கறுப்பு ஒட்டியிருந்தது. "வர்ற வழியில தைல மரத்துக்கிட்ட லைன் ஒழுகிக்கிட்டு இருந்துச்சுங்க. கட்டிட்டு வந்தேன்" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் பேசுவதில்லை. ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவோம். சாமைச் சோறும் ரசமும். பத்து வருடத்துக்கு மேல் அந்த அறையில் சாப்பிட்டவர், அந்த மேசையில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் முறை. அவர் தட்டைப் பார்க்கவே இல்லை. எதிரே சகோதரர்களின் நீள மேசையை, அதன் கடைசியில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தபடியே சாப்பிட்டார். முடிந்ததும் பழக்க தோஷத்தில் தட்டை எடுத்துக்கொண்டு, கழுவுகிற சகோதரர்களோடு வரிசையில் போய் நின்றுவிட்டார். விருந்தினர் பொறுப்பில் இருந்த சகோதரர் தயங்கித் தயங்கி அவர் கையிலிருந்து தட்டை வாங்கினார். விருந்தாளிகள் தட்டுக் கழுவக் கூடாது.

போகும்போது என்னிடம், "தொட்டியில மேல் வால்வு இறுகிக் கெடக்குதுங்க. வேகமாத் திருப்பினா ஒடைஞ்சுரும். மெதுவாத் திருப்பச் சொல்லுங்க" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

மாசியில் மறுபடி மிளகு ஏற்ற லாரி வந்தது. அரியூர் நாட்டு விவசாயி ஒருவர் தன் மிளகோடு எங்கள் மிளகையும் சேர்த்து ஏற்றி அனுப்புவார். பல வருடப் பழக்கம். மூட்டை எல்லாம் ஏறிய பிறகு மோர் குடித்துக்கொண்டே கேட்டார்.

"தண்ணி சாமி எங்கீங்க, ஆளையே காணோம்?"

"அவர் இப்ப இங்க இல்லைப்பா. நாலு தடவை ஓடினவரை எப்படி வச்சுக்கிறது?"

"நாலு தடவையா? அத்தனை தடவை எப்பங்க போனாரு?"

நான் விரலை மடக்கிச் சொன்னேன். இரண்டாவதுக்கு வந்தபோது, "அவங்க அம்மா செத்தப்ப. அன்னைக்கும் இதே மாதிரி மிளகு ஏத்தற நாள். சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டார்" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க சாமி, உங்ககிட்டச் சொல்லிட்டுத்தானுங்களே போனாரு? நானும் லாரிப் பக்கத்துலதானுங்க நின்னேன். கூலியாளு ஒருத்தன் மூட்டையக் கிழிச்சுப்போட்டான்னு நீங்க சத்தம் போட்டுக்கிட்டு இருந்தீங்க. மிளகு ரோடு பூராக் கொட்டிக் கெடந்துச்சு. அவரு வந்து தலையக் குனிஞ்சு, 'அம்மாவுக்கு முடியலைன்னு போன் வந்துச்சுங்க, போய்ட்டு வாரேன்'னாரு. நீங்க அவரு நெத்தியில சிலுவை போட்டீங்க. 'சரி சரி, எத்தன நாளானாலும் இருந்து பாத்துட்டு வா'ன்னீங்க. அப்பறம் அந்தக் கூலியாளத் திட்டப் போயிட்டீங்க. நல்ல மனசு பெரிய சாமிக்குன்னு நான் அன்னைக்கு ஊட்டுல போயிக்கூடச் சொன்னேனுங்க."

நான் நினைவுபடுத்திப் பார்த்தேன். கிழிந்த மூட்டை நினைவுக்கு வந்தது. ரோட்டில் கொட்டிய மிளகை எந்த மூலையிலிருந்து கூட்டி அள்ளினோம் என்பதுகூட வந்தது. என் முன்னால் குனிந்த தலை மட்டும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இந்த மனிதருக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அப்படியானால் தண்ணி சாமி ஓடியது மூன்று முறைதான். ஐப்பசி மழையில் அவர் வந்து நின்றது மூன்றாவது வருகை. ஒழுங்குப்படியே கதவு திறந்திருக்க வேண்டிய வருகை. அவருக்கு அது தெரியும். நான் திட்டும்போது தெரியும், அங்கியைக் கழற்றும்போது தெரியும், "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா" என்று நான் கேட்டபோது தெரியும், நான் தண்ணீர் ஊற்றக் கை நீட்டியபோதும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், உள்ளே வந்திருப்பார். நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி அவர் வாயைத் திறக்கவில்லை.

மிளகு லாரி போன பிறகு நான் கோயிலுக்குள் போய் அழுதேன். மடாதிபதி அழுவதைச் சகோதரர்கள் பார்க்கக் கூடாது என்று ஒரு ஒழுங்கும் இல்லை. இரண்டு பேர் பார்த்தார்கள்.

அன்றே கிளம்பியிருக்க வேண்டும். அதுதான் என் இரண்டாவது தப்பு. மறுநாள் எங்கள் வருடாந்தரத் தியானம் தொடங்குவதாக இருந்தது. எட்டு நாள் முழு மௌனம், யாரும் வெளியே போக மாட்டோம். தியானம் கொடுக்கிற குருவானவர் ஏற்கெனவே பஸ்ஸில், வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார். நான் எல்லோரையும் கூட்டி நடந்ததைச் சொன்னேன். முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டேன். எல்லோரும் ஒரே குரலாகத் தண்ணி சாமியைக் கூட்டிவர வேண்டும் என்றார்கள். துணைத்தலைவர், "எட்டு நாள்தானே ஃபாதர்? மடாதிபதி இல்லாம தியானம் எப்படி? முடிச்சுட்டு நீங்களே போய் அழைச்சுட்டு வாங்க" என்றார். நான் உடனே தலையாட்டினேன். அவர்மேல் பழி போடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. தண்ணி சாமியின் முகத்தைப் பார்ப்பதை எட்டு நாள் தள்ளிப்போட ஒரு புனிதமான காரணம் கிடைத்தது, பிடித்துக்கொண்டேன்.

அந்த எட்டு நாளும் நான் தியானித்தது ஒன்றைத்தான். என்ன சொல்லி ஆரம்பிப்பது? ஒன்பதாம் நாள் காலை, அவருடைய பழைய அறையைக் கழுவிவிடச் சொன்னேன். கோயிலில் கடைசி இடம் வேண்டாம், அவர் சேர்ந்த வருடத்துக்கு உரிய இடத்திலேயே நிற்கட்டும் என்றேன். ஒரு புது அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் இறங்கினேன். வளைவுக்கு வளைவு வாசகத்தை மாற்றிக்கொண்டே போனேன். அடிவாரம் வந்தபோது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. தப்பு என்னுடையது, வா வீட்டுக்குப் போகலாம்.

ஊரில் விசாரித்தபோது அவர் அக்கா வீட்டைக் காட்டினார்கள். காட்டியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டு அறை ஓட்டு வீடு. வாசலில் பந்தல் போட்டுப் பிரித்த குழிகள். உள்ளே ஸ்டூல்மேல் அவர் போட்டோ, மாலை போட்டு, ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மடத்துத் திருவிழாவில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்துப் பெரிதாக்கியது. அங்கியோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றேன். அவருடைய அக்கா, சித்தாள் வேலைக்குப் போகிறவர், உள்ளேயிருந்து ஓடி வந்து என் காலில் விழப் போனார்.

"சாமி, சொல்லி அனுப்பலீன்னு கோவிச்சுக்காதீங்க. மன்னிச்சிருங்க. மஞ்சக்காமாலைங்க. முத்திப்போயிருச்சு. போன வியாழக்கெழமை போயிட்டானுங்க."

போன வியாழக்கிழமை எங்கள் தியானத்தில் ஐந்தாம் நாள்.

"நான் போன் பண்றேன்னுதானுங்க சொன்னேன். அவந்தான் கேக்கல. 'மேல தியானம் நடக்குற நேரம், பெரிய சாமியத் தொந்தரவு பண்ணக் கூடாது, முடியட்டும்'னான். நாளு எண்ணிக்கிட்டே இருந்தானுங்க. உங்க லீவு முடியறதுக்குள்ள இப்படி ஆயிருச்சு."

"என்ன லீவும்மா?"

"நீங்க குடுத்த லீவுதானுங்க. ஐப்பசியில வந்தப்பவே சொன்னானே. 'ஒடம்பு தேறுற வரைக்கும் அக்கா ஊட்டுல இருந்துட்டு வா, எத்தன நாளானாலும் பரவால்லைன்னு பெரிய சாமி அனுப்பிச்சிருக்காரு, கூப்பிட்டா போயிருவேன்'னு. குடிக்கலீங்க சாமி. சத்தியமாக் குடிக்கல. வேலைக்குப் போவான், வருவான். சாயங்காலமானா ரோட்டுல போய் நின்னு மலையப் பாத்துக்கிட்டு இருப்பான்."

எத்தனை நாளானாலும். அந்த லாரிப் பக்கத்தில் நான் சொன்ன வார்த்தை. நான் மறந்ததை அவர் பத்திரமாக வைத்திருந்து, என் மானத்தைக் காப்பாற்ற அதையே எடுத்து இந்த வீட்டில் சொல்லியிருக்கிறார்.

அக்கா எனக்கு நாற்காலி போட்டார். பேசாமல் இருந்திருக்கலாம். லீவு கொடுத்த நல்ல பெரிய சாமியாகவே காப்பி குடித்துவிட்டு, ஒரு ஜெபம் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஒரு நிமிடம் அந்த ஆசையும் வந்தது. நான் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில், போட்டோவுக்கு முன்னால் முழங்காலிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். லீவு கொடுத்தது உண்மை, ஆனால் அது அம்மாவுக்காகக் கொடுத்த லீவு, அதை நான் மறந்தேன். மறந்ததை அவர் குற்றம் என்று எழுதினேன். ஐப்பசி மழையில் கேட்டைச் சாத்தியது நான்தான். யாரும் அவரை லீவில் அனுப்பவில்லை.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். தெருவில் மரவள்ளி ஏற்றிய டிராக்டர் ஒன்று போயிற்று.

"நீங்க மறந்துட்டீங்கன்னு அவனுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா சாமி ஒரு வார்த்தை சொல்லாம வந்தான்?"

"பெரியவங்க கண்டிச்சாப் பதில் பேசக் கூடாதுன்னு எங்க மடத்துல ஒரு பழக்கம். நான்தான் அவருக்குச் சொல்லிக்குடுத்தேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், கோபம் எனக்குத் தெரிந்த பாஷை. அக்கா கோபப்படவில்லை. புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறவர் போல, என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அவனுக்குத்தானுங்க பேசக் கூடாது. நீங்க அவன ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலீங்களே சாமி?"